12 மணி நேர ஷிஃப்ட்டில் கடைசி மூன்று மணி நேரம் ரிஜெக்‌ஷன் ஏறுகிறது. 8 மணி நேரத்துக்கு மாற்றினால் உற்பத்தி விழுமா?

பெஞ்ச்20 (கேள்வி)

வணக்கம். சிறு பாகங்களைப் பொருத்தி, சோதித்து, பெட்டியில் போடும் அசெம்பிளி லைன் இது. கன்வேயரில் 20 இடங்கள். இரண்டு குழுவுமாக 40 பேர். பகல் ஷிஃப்ட் காலை 8 முதல் இரவு 8 வரை, இரவு ஷிஃப்ட் அங்கிருந்து மறுநாள் காலை 8 வரை. திங்கள் காலை தொடங்கும் லைன் ஞாயிறு காலை 8 மணிக்கு நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை குழுக்கள் இடம் மாறும். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், டீக்கு இரண்டு தடவை 10 நிமிடம். அந்த நேரங்களில் லைன் நிற்கும். வாரம் 48 மணிக்கு மேல் ஓ.டி., இரட்டைச் சம்பளம்.

முதல் ஒன்பது மணி நேரம், சோதனையில் தேறாமல் தள்ளும் பீஸ்கள், அதாவது ரிஜெக்‌ஷன் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. கடைசி மூன்று மணி நேரத்தில் 5 ஆகிவிடுகிறது. திங்கள் பகலில் நாலைந்து பேர் வருவதில்லை. லைன் வேகத்தைக் கால் பங்கு குறைத்துத்தான் ஓட்ட முடிகிறது. மூன்று ஷிஃப்ட் போட்டால் ஆள் செலவு ஏறும், உற்பத்தி ஏறாது என்கிறது நிர்வாகம். ஓ.டி.யில் கை வைக்காதீர்கள் என்கிறார்கள் தொழிலாளர்கள். 8 மணி நேரத்துக்கு மாறுவது கணக்குக்கு ஒத்துவருமா? எதை அளந்து பார்த்து முடிவு செய்யலாம்?

சாம்பிள்பெட்டி

முதலில் அந்த 5 சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது குறைவாகக் காட்டும் எண். பொருத்துபவர் களைத்துப்போகும் அதே நேரத்தில் சோதிப்பவரும் களைத்துவிடுகிறார். தவறும் கூடும், தவறைப் பிடிப்பதும் குறையும்.

பார்த்துவிட ஒரு வழி இருக்கிறது. தெரிந்த குறையுள்ள 10 பீஸ்களை எடுத்து, புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் மையால் அடையாளம் போடுங்கள். இரண்டாவது மணி நேரத்தில் ஒருமுறை, பதினோராவது மணி நேரத்தில் ஒருமுறை லைனில் கலந்துவிடுங்கள். எத்தனை பிடிபடுகிறது என்று குறியுங்கள். ஒரு நாள் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. பகல் இரவு இரண்டிலும் இரண்டு வாரமாவது செய்ய வேண்டும். தப்பிய பீஸ்களை பேக்கிங்கில் ஒருவர் விளக்கோடு நின்று எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும். 10 போட்டால் 10 திரும்பி வந்ததா என்று எண்ணாமல் பெட்டியை மூட விடாதீர்கள். யார் தவறவிட்டார் என்று பெயர் போட்டு எழுதவும் கூடாது. எழுதினால் அடுத்த தடவை முதல் எல்லாரும் சந்தேகத்தில் நல்ல பீஸையும் தள்ளுவார்கள், உங்கள் எண் கெட்டுப்போகும்.

இரண்டாவது, ரிஜெக்‌ஷனை எந்த மணியில் எழுதுகிறீர்கள்? பல இடங்களில் கண்டுபிடித்த நேரத்தைத்தான் எழுதுகிறார்கள். காலை 7 மணிக்குப் பொருத்தியது 9 மணிக்குப் பிடிபட்டால் அது பகல் ஷிஃப்ட் கணக்கில் விழும். ட்ரேயில் பொருத்திய நேரத்தைச் சீட்டாக ஒட்டுங்கள். ஷிஃப்ட் கடைசியில் துடைப்பது, ட்ரே அடுக்குவது என்று போகும் நேரத்தையும் தனியாகப் பிரியுங்கள். அதையும் சேர்த்து, கடைசி மணியில் வேலை மந்தம் என்று சொல்லக் கூடாது.

இன்னொன்று. உங்கள் லைன் கன்வேயர் வேகத்தில் ஓடுகிறது. ஆள் களைத்தாலும் மணிக்கு வரும் எண்ணிக்கை குறையாது. தவறும் சின்னச் சின்ன நிறுத்தங்களும் விபத்தும்தான் கூடும். குறைந்த நேரத்தில் அதிக உற்பத்தி என்று எடுத்துக்காட்டப்படும் பழைய சான்றுகள் பெரும்பாலும் கைவேகத்தில் நடந்த வேலைகளிலிருந்து வந்தவை. 1900-ல் ஜெர்மனியின் யேனா நகரில் ட்ஸைஸ் ஒளியியல் தொழிற்சாலையில் அதை நடத்திய எர்ன்ஸ்ட் ஆபே 9 மணி வேலையை 8 ஆக்கியபோது மணிக்கான உற்பத்தி சுமார் 16 சதவீதம் ஏறியது. நாளின் மொத்தமும் சற்றே கூடியது. அங்கே பீஸ் கணக்கில் கூலி வாங்கியவர்கள் தங்கள் வேகத்தைத் தாங்களே கூட்டிக்கொள்ள முடிந்தது. உங்கள் ஆட்களால் கன்வேயரை முடுக்க முடியாது. 8 மணி நேரம் ஆக்கினால் 16 சதவீதம் வரும் என்று நிர்வாகத்திடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அதற்காக நீண்ட நேரம் ஓட்டுவதில் லாபம் என்று ஆகிவிடாது. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் சேகரித்த பதிவுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் மறுபடி ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார். வாரம் 49 மணி வரை நேரத்துக்கு ஏற்ப உற்பத்தி வளர்ந்தது. அதற்கு மேல் வளர்ச்சி சுருங்கியது. 70 மணி உழைத்தவரின் உற்பத்தி 56 மணி உழைத்தவருடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. உங்கள் ஆட்கள் வாரம் 72 மணி நேரம் உள்ளே இருக்கிறார்கள்.

சுழல்பட்டியல்

திங்கள்கிழமை ஆள் வராததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. திங்கள் பகலுக்கு வருபவர்கள் யார்? போன வாரத்து இரவுக் குழு. அவர்கள் ஞாயிறு காலை 8 மணிக்கு வெளியே வந்து திங்கள் காலை 8 மணிக்குத் திரும்ப உள்ளே நிற்க வேண்டும். 24 மணி நேரம். அதில் ஞாயிறு பகல் தூக்கத்தில் போகும். பகலில் தூங்கி எழுந்தவருக்கு ஞாயிறு இரவு தூக்கம் பிடிக்காது. ஏட்டில் வார விடுமுறை. உடம்புக்கு அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை. பகல் குழு மட்டும் சனி இரவு 8 மணிக்குப் போய் திங்கள் இரவு 8 மணிக்கு வருகிறது, 48 மணி நேரம். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், திங்கள் இரவு ஆள் குறைவு இருக்காது என்று நினைக்கிறேன்.

8 மணி நேரத்துக்கு மாறினாலும் பட்டியலைக் கவனிக்காமல் போட்டால் இதே ஓட்டை வரும். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழற்றுவதுதான் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். பொதுவாக அது சரி. உடம்புக்குத் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கஷ்டம். ஆனால் வாரம் ஒரு நாள் மட்டும் லைன் நிற்கும் இடத்தில், இரவிலிருந்து காலைக்குத் திரும்பும் வாரம் வம்பு பிடித்தது. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஷிஃப்ட் வைத்தால் இரவுக் குழு ஞாயிறு காலை 6 மணிக்கு இறங்கி திங்கள் காலை 6 மணிக்கு ஏற வேண்டும். மறுபடி அதே 24 மணி நேரம்.

தீர்வு, சனி இரவு ஷிஃப்ட்டை எடுத்துவிடுவது. சனி இரவு 10 மணிக்கு லைனை நிறுத்தி திங்கள் காலை 6 மணிக்கு ஓட்டுங்கள். இரவுக் குழு சனி காலை 6 மணிக்கு இறங்கும். 48 மணி நேரம் கிடைக்கும். வாரத்துக்கு ஐந்து இரவுதான். அடுத்தடுத்த இரவுகளில் விபத்து வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். நான்காம் இரவில் முதல் இரவைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்று ஷிஃப்ட் வேலை ஆய்வாளர் சைமன் ஃபோல்கார்டு குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். ஆகவே ஆறாவது இரவை வெட்டுவது வீண் போகாது.

விலை என்ன? 144 மணியில் 8 மணி, அதாவது 5.6 சதவீத ஓட்ட நேரம் போகிறது. அதை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் உங்கள் நிர்வாகம் கேட்கும் கேள்வி. ரிஜெக்‌ஷனை 2 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது சராசரியில் முக்கால் சதவீதம்தான், சுமார் ஒரு மணி நேர உற்பத்தி. திங்கள் பகல் முழு வேகத்தில் ஓடினால் 12 மணியில் கால் பங்கு, 3 மணி நேரம். ஆக நான்கு. மீதி நான்கும் அதற்கு மேலும் உங்கள் இடைவேளையில் ஒளிந்திருக்கிறது. ஷிஃப்ட்டுக்கு 50 நிமிடம், நாளுக்கு 100, ஆறு நாளில் 10 மணி நேரம் லைன் சும்மா நிற்கிறது.

இடைவேளையைக் குறைக்கச் சொல்லவில்லை. லைனை நிறுத்தாமல் ஆட்களை மாற்றி மாற்றி அனுப்ப ரிலீவர் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் 30 நிமிடச் சாப்பாடு, இன்னொரு 15 நிமிடம் என்றால் 20 இடத்துக்கு 900 நிமிடம். ஒரு ரிலீவருக்கு 480 நிமிடத்தில் அவருடைய இடைவேளை, இடம் மாறும் நேரம் போக 400 கையில் நிற்கும். மூன்று பேர் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் நிற்க விடாதபடி வரிசை போடுங்கள். இடைவேளை முடிந்த முதல் அரை மணியோடு ஒப்பிட்டால், இரண்டு மணி நேரத்தின் கடைசி அரை மணியில் காயம்படும் வாய்ப்பு சுமார் இரட்டிப்பு. இதுவும் ஃபோல்கார்டும் சகாக்களும் 2003-ல் சொன்னதுதான்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவது எப்போதும் ஒரே மாதிரி. ஆள் வரவில்லையென்றால் சூப்பர்வைசர் முதலில் ரிலீவரைத்தான் இழுப்பார். அன்றோடு இடைவேளை போச்சு. லீவுக்கு மாற்று ஆள் வேறு, ரிலீவர் வேறு என்று பட்டியலிலேயே பிரித்து வையுங்கள்.

கூலிக்கணக்கு

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் சம்பளத்தைத் தொடாமல் பேசுகிறீர்கள். ஓ.டி.யில் கை வைக்காதே என்று அவர்கள் சொல்வது அறியாமையால் அல்ல.

கணக்கைப் பாருங்கள். இப்போது ஒருவர் 72 மணி வேலைக்கு 48 + 24 × 2 = 96 மணிச் சம்பளம் வாங்குகிறார். 40 பேருக்கு வாரம் 3,840 மணிச் சம்பளம். மூன்று ஷிஃப்ட்டில் 60 பேர், ரிலீவர் 9 பேர், ஆக 69. எல்லாருக்கும் 48 மணி என்றால் 3,312. ஐந்து இரவு செய்யும் குழுவுக்கும் 48 கொடுத்தே இது. மிச்சம் 528 மணிச் சம்பளம். அதையும் முழுக்கப் பிரித்துக் கொடுத்தாலும் ஆளுக்கு 55, 56 மணிச் சம்பளம்தான் வரும். 96 வாங்கியவர் 56-க்கு இறங்குகிறார். பத்தில் நான்கு பங்கு போய்விட்டது.

அந்த நிலைமையில் நடப்பது இதுதான்: காலை ஷிஃப்ட் 2 மணிக்கு முடியும்; ஆள் 3 மணிக்கு வேறு இடத்தில் வேலைக்கு ஏறுவார். அந்தக் களைப்பு உங்கள் லைனுக்கே திரும்பி வரும். இப்போதாவது வருகைப் பதிவேட்டில் 72 என்று தெரிகிறது. அப்போது 48 என்று இருக்கும், உண்மையில் 80 ஆக இருக்கும். நேரத்தோடு சேர்த்து வாங்கும் தொகையையும் குறைத்த இடங்களில் திட்டம் தோற்பது இதனால்தான்.

ஆக மணிக் கூலியை உயர்த்த வேண்டும். அதற்குப் பணம் மேலே சொன்ன மிச்சத்தில் மட்டும் வராது. குறையுள்ள பீஸைத் திரும்பச் சரிசெய்யும் ரீவொர்க் மணி, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கு, விலகிப்போகும் ஆளுக்குப் பதில் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் செலவு, காயத்தால் போன நாட்கள் ஆகியவற்றை ஒரு வருடத்துக்கு எடுத்துப் போட்டுப் பாருங்கள். பல நிறுவனங்களில் இவை நான்கும் நான்கு வெவ்வேறு துறைக் கணக்கில் கிடக்கும். யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அதேபோல் எதிர்ப்பக்கச் செலவையும் மறைக்காதீர்கள். 40 பேர் 69 ஆனால் பஸ், கேன்டீன், சீருடை, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டும் தொகை எல்லாம் ஏறும்.

நடுவழியாக, லீவு மாற்றுக்குத் தனி ஆள் எடுக்காமல், விருப்பம் உள்ளவர்களுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு 4 மணி நேர ஓ.டி. என்று உச்ச வரம்பு வைத்துக் கொடுக்கலாம். 52 மணி வேலை, 56 மணிச் சம்பளம், அதற்கு மேல் உயர்த்திய விகிதம். இதற்கு மேல் தளர்த்த வேண்டாம். வாரம் 55 மணியும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி செய்பவர்களைவிடப் பக்கவாத வாய்ப்பு 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்டன. அந்த 4 மணியையும் இரவு ஷிஃப்ட்டின் வாலில் ஒட்டக் கூடாது.

பெஞ்ச்20

மூவருக்கும் நன்றி. திங்கள் இரவு வருகையைப் பார்த்தேன், சுழல்பட்டியல் சொன்னது சரி, ஒருவர் அல்லது இருவர்தான் குறைகிறார்கள். நேர மாற்றத்துக்கு எப்படியும் மாதங்கள் ஆகும். அதுவரை ஷெட்டுக்குள்ளேயே செய்யக்கூடியது ஏதாவது? எல்லா பெஞ்சும் ஒரே உயரம், எல்லாரும் நின்றுதான் வேலை. ஒரு பக்கம் பிரஸ் மெஷின் சத்தம், கோடையில் நல்ல புழுக்கம்.

முழங்கைஉயரம்

பெஞ்ச் உயரத்தில் தொடங்குங்கள், செலவு மிகக் குறைவு. நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ அதுதான் அளவு. லேசான பொருத்தும் வேலைக்கு அதிலிருந்து 5 முதல் 10 செ.மீ. கீழே கை வேலை செய்ய வேண்டும். கண்ணை ஒட்டிப் பார்க்கும் நுண்வேலைக்கு 5 செ.மீ. மேலே. அழுத்திச் செய்யும் கனமான வேலைக்கு 20 முதல் 40 செ.மீ. கீழே. அளக்க வேண்டியது கை இருக்கும் உயரம், பலகையின் உயரம் அல்ல. மேலே பாகத்தைப் பிடித்து வைக்கும் ஜிக் 8 செ.மீ. இருந்தால் பலகை அந்த அளவுக்கு இறங்க வேண்டும். பெஞ்சை உயரமான ஆளுக்குப் பொருந்தும்படி வைத்து, குள்ளமானவருக்கு நிற்கும் மேடை கொடுங்கள். மாற்றிச் செய்தால் உயரமானவர் நாள் முழுக்கக் குனிந்துகொண்டே இருப்பார், அதற்கு எந்தப் பலகையும் உதவாது.

நின்றே வேலை என்பதை உடைக்க உயரமான ஸ்டூல் போதும், சாய்ந்தும் உட்காரலாம், நிற்கலாம். ஆனால் பெஞ்சுக்கு அடியில் முழங்கால் போக இடம் இல்லாவிட்டால் ஸ்டூல் மூலையில் கிடக்கும். ட்ரே ரேக்கை அடியில் வைத்திருப்பார்கள், அதை முதலில் எடுங்கள். ரப்பர் பாய் போட்டால் ஓரம் சரிவாக இருப்பதை வாங்குங்கள். ஓரம் சுருண்ட பாய் ஆளைத் தடுக்கிவிடும்.

சத்தத்துக்கு ஒரு எளிய சோதனை: ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தினால்தான் கேட்கிறது என்றால் 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரைப்படி 85-க்கு நாளுக்கு 8 மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. இதை உங்கள் 12 மணி ஷிஃப்ட்டோடு சேர்த்துப் பாருங்கள்: 8 மணிக்குப் பாதுகாப்பான அளவு 12 மணிக்குப் பாதுகாப்பானதல்ல. அதோடு காதுக்கு ஓய்வு கிடைக்கும் நேரமும் 16-லிருந்து 12 ஆகச் சுருங்குகிறது. காதடைப்பான் கொடுப்பதற்கு முன் பிரஸ்ஸின் அடியில் அதிர்வு தாங்கும் பேட், நடுவில் ஒலி உறிஞ்சும் தடுப்பு என்று பாருங்கள். காதடைப்பான் போட்டவருக்குப் பக்கத்து ஆள் எச்சரிப்பதும் கேட்காது.

சோதிக்கும் இடத்தில் மேஜை மேல் வெளிச்சம் 750 முதல் 1,000 லக்ஸ் வரை வேண்டும். லக்ஸ் மீட்டரைப் பீஸ் இருக்கும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். பளபளப்பான பாகம் என்றால் விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் தள்ளுங்கள், கீறல் நிழலோடு தெரியும். சோதிப்பவரை 30 நிமிடத்துக்கு ஒருமுறை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அரிதாக வரும் குறியைக் கவனித்துக்கொண்டே இருப்பவரின் கவனம் முதல் அரை மணியிலேயே சரிகிறது என்று 1948-ல் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் காட்டிவிட்டார். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு பைசா செலவில்லை, நாளைக்கே செய்யலாம்.

புழுக்கத்துக்கு வெறும் வெப்பமானி போதாது. ஈரப்பதம், சுவரும் கூரையும் வீசும் சூடு, காற்றோட்டம் மூன்றையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை (WBGT) என்ற அளவு வேண்டும். அதற்குக் கையடக்கக் கருவிகள் உண்டு. 15–20 நிமிடத்துக்கு ஒரு கப், சுமார் 240 மி.லி. தண்ணீர். கன்வேயரை விட்டு யாரும் நகர முடியாததால் தண்ணீர் பெஞ்சுக்கே வர வேண்டும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் ஆட்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள், இதையும் ரிலீவர்தான் தீர்ப்பார். புதிதாக எடுப்பவரை வெயில் காலத்தில் முதல் நாளே முழு நேரம் நிறுத்தாதீர்கள். முதல் நாள் 20 சதவீத நேரம், பிறகு தினம் 20 கூட்டிக்கொண்டு போகலாம்.

சாம்பிள்பெட்டி

வரிசை பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. நிர்வாகம் முதல் நெருக்கடியிலேயே எல்லாவற்றையும் திருப்பிவிடும்.

முதல் நான்கு வாரம் எதையும் தொடாமல் அளவெடுப்பு மட்டும். ட்ரே சீட்டு, அடையாளமிட்ட பீஸ், நிறுத்த நேரம், வருகை. அடுத்து பெஞ்ச், வெளிச்சம், சோதிப்பவர் சுழற்சி. பிறகு ரிலீவர், இதை 12 மணி ஷிஃப்ட்டிலேயே தொடங்கலாம். இரண்டு குழுவுக்கும் 50 நிமிட இடைவேளை மாற்ற ஷிஃப்ட்டுக்கு இரண்டு பேர் போதும். லைன் நிற்காமல் கிடைக்கும் அந்த 10 மணி நேரத்தை நிர்வாகம் கண்ணால் பார்த்த பிறகு சனி இரவை வெட்டும் பேச்சை எடுங்கள். முன்னால் எடுத்தால் 5.6 சதவீதம் மட்டும்தான் அவர்கள் காதில் விழும்.

புது ஆட்களை 20 பேரை ஒரே நாளில் இறக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஐந்து பேர். இல்லையென்றால் கற்றுக்கொள்பவர்களின் தவறால் ரிஜெக்‌ஷன் ஏறி, 8 மணி நேரம் வந்ததால்தான் தரம் கெட்டது என்று எழுதப்படும். மாறிய முதல் இரண்டு வார எண்ணை எந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள். எல்லாரும் கவனிக்கிறார்கள் என்பதாலேயே அப்போது கொஞ்சம் நன்றாக வரும். ஆறு முதல் எட்டு வாரம் பாருங்கள். அந்தக் காலத்தில் கன்வேயர் வேகத்தை ஒரு புள்ளிகூட ஏற்றக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்கள் தெளிவாக இருக்கிறார்களே என்று மூன்றாவது வாரத்தில் யாராவது அந்தக் குமிழைத் திருகப் பார்ப்பார்கள்.